டிரைவ் டிரிப் ஆகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

"அண்ணா, டிரைவ் போய்விட்டது. அதே எச்.பி.யில் புதிதாக ஒன்று அனுப்பிவிடுங்கள்." கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலைகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நேரில் போய்ப் பார்த்தால், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த டிரைவ் பெட்டி நன்றாகவே இருக்கும். தன்னால் ஆகாத வேலையைத் தலையில் கட்டியதால் டிரிப் ஆகி, அதாவது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்று, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதே எச்.பி.யில் இன்னொன்றை மாட்டினாலும் அதே இடத்தில்தான் போய் நிற்கும். வாங்கும் நாளில் செய்த தவறு ஓடும் நாளில் திரையில் எழுத்தாக வருகிறது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் பழுதை எப்படித் தேடுவது என்பதோடு, அது தேர்வில் செய்த எந்தத் தவறைக் காட்டுகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

வி.எஃப்.டி., ஏ.சி. டிரைவ், ஃப்ரீக்வென்சி இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பொருள்தான். கடையில் வெறுமனே இன்வெர்ட்டர் என்று கேட்டால் மின்வெட்டுக்கு ஃபேன் ஓட்டும் பாட்டரிப் பெட்டியை எடுத்து வைப்பார்கள். எனவே டிரைவ் என்றே சொல்கிறேன். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: வரும் 415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரத்தை டையோடுகள் டி.சி.யாக்குகின்றன. அது 560 முதல் 590 வோல்ட் வரை இருக்கும். பெரிய கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கின்றன. ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகள் அந்த டி.சி.யை நொடிக்குப் பல ஆயிரம் முறை நறுக்கி, நமக்கு வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்கு அனுப்புகின்றன. நடுவில் அந்த டி.சி. தேங்கி நிற்கும் இணைப்பை, அதாவது டி.சி. பஸ்ஸை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல பழுதுகளின் கதை அங்கேதான் இருக்கிறது.

ரீசெட் பட்டனைத் தொடுவதற்கு முன்

டிரிப் ஆனதும் ஆபரேட்டரின் கை ரீசெட் பட்டனுக்குத்தான் போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். டிரிப் ஆன நொடியில் அதிர்வெண் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, டி.சி. பஸ் எத்தனை வோல்ட் என்பதை இன்றைய டிரைவ்கள் ஏறக்குறைய எல்லாமே பதிந்து வைக்கின்றன. சில மாடல்களில் கடைசிப் பழுதுக்கு மட்டும்தான் இந்த விவரம் முழுமையாக இருக்கும். நாலு முறை ரீசெட் செய்து ஓட்டிப் பார்த்தால் முதல் டிரிப்பின் சாட்சியம் அழிந்துவிடும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஆபரேட்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: புறப்படும்போதா, ஓடும்போதா, நிற்கும்போதா?

பெட்டியைத் திறப்பதானால் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகும் பொறுக்க வேண்டும். கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய எத்தனை நிமிடம் ஆகும் என்று மூடியிலேயே எழுதியிருப்பார்கள். அது முடிந்ததும் டி.சி. பஸ்ஸின் பிளஸ், மைனஸ் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். முகப்பு விளக்கு அணைந்ததை நம்பிக் கையை விடாதீர்கள்.

இன்னொன்று: டிரைவோடு இணைந்திருக்கும் கேபிளில் ஒருபோதும் மெக்கர், அதாவது உயர் வோல்ட் கொடுத்துக் காப்பைச் சோதிக்கும் மீட்டர், வைக்கக் கூடாது. ஓவர் கரண்ட் என்று சொன்ன டிரைவைச் சோதிக்கிறேன் என்று மெக்கரைச் சுழற்றி, நல்ல ஐ.ஜி.பி.டி.யைக் கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புறப்பட்டதும் ஓ.சி.

ஓ.சி. என்றால் ஓவர் கரண்ட். முதலில் பாதையை இரண்டாக வெட்டுங்கள். யூ, வி, டபிள்யூ முனைகளிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றிவிட்டு, வோல்ட்டையும் அதிர்வெண்ணையும் ஒரே விகிதத்தில் ஏற்றும் சாதாரண வி/எஃப் முறையில் டிரைவை வெறுமனே ஓட்டுங்கள். வெளிப்பேஸ் இல்லை என்று புகார் சொன்னால் அந்தக் காவலைச் சோதனை முடியும் வரை அணைத்து வையுங்கள். அப்போதும் ஓ.சி. வந்தால் கோளாறு டிரைவுக்குள்ளேதான்: ஐ.ஜி.பி.டி., அல்லது கரண்ட் சென்சார். வராவிட்டால் கேபிளிலோ மோட்டாரிலோ சுமையிலோ தேட வேண்டும். கழற்றிய கேபிளிலும் மோட்டாரிலும் இப்போது 500 வோல்ட் மெக்கர் வைக்கலாம். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மேலே எதுவும் பேச வேண்டாம், மோட்டாரை இறக்குங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் மோட்டாராக இருந்தால் இங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கும். பழைய இணைப்பில் பிரேக் காயிலுக்கு மின்சாரம் மோட்டார் டெர்மினலிலிருந்தே போயிருக்கும். டிரைவ் வைத்த பிறகு அந்த முனையில் 5 ஹெர்ட்ஸில் நாற்பது, ஐம்பது வோல்ட்தான் வரும். காயில் இழுக்காது; பிரேக் விடாது. மோட்டார் பிடித்த பிரேக்கோடு மல்லுக்கட்டும், டிரைவ் டிரிப் ஆகும். பிரேக்குக்கு மெயினிலிருந்து தனி இணைப்பு கொடுத்து, டிரைவின் ரிலே வழியாகத் திறக்கச் செய்தால் தீர்ந்தது.

அடுத்து ராம்ப் நேரம், அதாவது வேகம் ஏற டிரைவ் எடுக்கும் நேரம். கனமான உருளையை 2 நொடியில் முழு வேகத்துக்கு ஏற்றச் சொன்னால் எந்த டிரைவும் மறுக்கும். 15 நொடி கொடுத்துப் பாருங்கள். அதிலும் டிரிப் நிற்கவில்லை என்றால், நேராகத் தேர்வின் வாசலுக்கு வந்துவிட்டோம்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. கொப்பரையைப் பிழியும் எக்ஸ்பெல்லருக்கு 22 கிலோவாட் மோட்டார். மோட்டாரின் பெயர்த்தட்டில் 40 ஆம்பியர். டிரைவும் 22 கிலோவாட்தான். காலையில் வெறுமனே புறப்படும்போது ஒரு தொல்லையும் இல்லை. நடுவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் மட்டும் ஓ.சி. அறைக்குள் புண்ணாக்கு இறுகி நிற்கும்போது அதை அசைக்க மோட்டாருக்கு ஒன்றரை மடங்கு விசை வேண்டும். கிட்டத்தட்ட 60 ஆம்பியர். டிரைவின் தட்டை டார்ச் அடித்துப் படித்தேன். அதில் இரண்டு வரிகள்: சாதாரணப் பணிக்கு 22 கிலோவாட், 45 ஆம்பியர், கனப்பணிக்கு 18.5 கிலோவாட், 38 ஆம்பியர். சாதாரணப் பணி என்றால் பொதுவாக 110 சதவீதம் ஒரு நிமிடம் தாங்கும். 45-க்கு அது 49.5 ஆம்பியர். கனப்பணிக் கணக்கு 150 சதவீதம். 38-க்கு 57 ஆம்பியர். எந்தக் கணக்கிலும் 60 எட்டவில்லை. கொட்டேஷனில் மலிவாக இருந்த பெட்டியை எச்.பி. மட்டும் ஒப்பிட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு படி மேலே, கனப்பணியில் 45 ஆம்பியர் உள்ளதை மாட்டினோம். 67 ஆம்பியர் வரை இடம் கிடைத்தது. இன்றும் புண்ணாக்கோடு புறப்படுகிறது.

பம்புக்கும் விசிறிக்கும் கனப்பணி டிரைவ் வாங்குவது காசைக் கரியாக்குவது. வேகம் குறையக் குறைய அவற்றின் சுமை தானே சரிந்துவிடும். 40 ஹெர்ட்ஸில் விசிறிக்குத் தேவைப்படும் மின்திறன் முழு வேகத்தில் தேவைப்படுவதில் பாதிதான். எக்ஸ்பெல்லர், கன்வேயர், கிரஷர், கிரேன், எக்ஸ்ட்ரூடர், பிஸ்டன் கம்ப்ரசர் போன்றவை அப்படியல்ல. எந்த வேகத்திலும் முழு விசை கேட்கும். இவற்றுக்குக் கனப்பணி வரியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிலோவாட்டை நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம், மோட்டாரின் காந்த முனைகளின் (போல்) எண்ணிக்கை. 7.5 கிலோவாட் 4 போல் மோட்டார் சுமார் 15 ஆம்பியர் எடுக்கும். அதே 7.5 கிலோவாட் 8 போல் மோட்டார் 18 ஆம்பியர் வரை போகும். மோட்டார் தட்டின் ஆம்பியர்தான் அளவுகோல்.

ஆம்பியரை அளந்தே வாங்கினேன் என்று சொல்லும் ஆட்களும் உண்டு. ஒருவர் கிளாம்ப் மீட்டரை டிரைவுக்கு வரும் கேபிளில் மாட்டி, 13 ஆம்பியர்தான் ஓடுகிறது, இதற்கு எதற்கு 45 ஆம்பியர் டிரைவ் என்று அடுத்த இயந்திரத்துக்குச் சிறியதாக வாங்கிவிட்டார். இயந்திரம் 15 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் பக்கம் 38 ஆம்பியர். வேகம் குறைவாக இருக்கும்போது மோட்டார் விசைக்காக முழு ஆம்பியரை எடுக்கும். ஆனால் மின்திறன் குறைவு என்பதால் மெயினிலிருந்து டிரைவ் இழுப்பது கொஞ்சம்தான். வெளிப்பக்கத்தில் மாட்டுங்கள், அதுவும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரை. நறுக்கிய அலையில் மலிவான மீட்டர் சொல்வது ஜோசியம். மீட்டர் இல்லாவிட்டால் கீபேட் காட்டும் எண்ணே மேல்.

நிற்கும்போது ஓ.வி.

ஓடும்போது ஒன்றும் இல்லை, ஸ்டாப் அழுத்தினால் ஓவர் வோல்டேஜ். திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டர், நூற்பாலைக் கார்டிங் இயந்திரத்தின் சிலிண்டர், இறங்கும் கிரேன்: மூன்றுக்கும் இதே நோய். சுற்றும் கனத்தை டிரைவ் வேகமாக நிறுத்தப் பார்க்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகிறது. அந்த மின்சாரம் பின்னோக்கி வந்து டி.சி. பஸ்ஸில் ஏறுகிறது. டையோடு வழியாக மெயினுக்குத் திரும்பிப் போக வழியில்லை. 560-ல் இருந்தது 700, 750 என்று ஏறி, சுமார் 800 வோல்ட்டில் டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

காசில்லாத மருந்து, நிறுத்தும் நேரத்தை நீட்டுவது. 10 நொடியை 60 ஆக்குங்கள். ஆபரேட்டர் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்றால் பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். பஸ் ஏறும்போது சாப்பர் என்ற சுவிட்ச் இயங்கி அந்த மின்சாரத்தை ரெசிஸ்டரில் வெப்பமாகக் கொட்டும். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, சிறிய டிரைவ்களில் சாப்பர் உள்ளேயே இருக்கும். பெரியவற்றில் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். இதை ஆர்டர் போடும்போது கேட்காவிட்டால் ரெசிஸ்டர் மட்டும் வந்து சேரும், மாட்ட இடம் இருக்காது. இரண்டு, ஓம் குறைந்தால் பிரேக் பலமாகும் என்று கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்கும் கீழே போவது. 780 வோல்ட்டில் 40 ஓம் ரெசிஸ்டர் 19.5 ஆம்பியர் எடுக்கும். அந்த நொடிகளில் 15 கிலோவாட்டை விழுங்கும். 20 ஓம் வைத்தால் 39 ஆம்பியர். சாப்பர் அதைத் தாங்காவிட்டால் வெடித்துவிடும். ரெசிஸ்டரின் வாட் அளவோ எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாளுக்கு நாலு முறை நிற்கும் கார்டிங்குக்குப் போதுமானது, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் எக்ஸ்ட்ராக்டரில் சிவந்து உருகும்.

இரவு ஷிஃப்டில் மட்டும் ஓ.வி. வருகிறதா? வரும் வோல்டேஜைப் பாருங்கள். பாதி ஆலை நின்றிருக்கும்போது, பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் கெபாசிட்டர் பேனல் மட்டும் முழுதாக உள்ளே இருந்தால் 450, 460 வோல்ட் வரை தூக்கிவிடும். டி.சி. பஸ் ஆரம்பத்திலேயே 650-ல் நிற்கும். அங்கே குற்றவாளி டிரைவ் அல்ல.

ஆலையின் ஈரப்பதக் கூடத்து விசிறிகளில் வேறொரு வகை உண்டு. பக்கத்து விசிறி ஓடும் காற்றில், நின்றிருக்கும் விசிறி பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் திடீரென முன்னோக்கி ஓட்டினால் ஓ.வி.யோ ஓ.சி.யோ நிச்சயம். ஃப்ளையிங் ஸ்டார்ட் வசதியை இயக்கிவிட்டால், சுற்றும் வேகத்தை டிரைவ் முதலில் மோப்பம் பிடித்துவிட்டுப் பிறகு கைப்பற்றும்.

மோட்டார் சுற்றுகிறது, சுமை ஏற்றினால் படுத்துவிடுகிறது

மோட்டார் சுருள்களை முதலில் ஸ்டாராகவும் பிறகு டெல்டாவாகவும் இணைத்து ஓட்டும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு டிரைவ் வைத்த இடத்தில் இதைக் கேட்டால், நான் முதலில் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத்தான் திறப்பேன். ஆறு முனைகளில் மூன்றைச் சேர்த்துக் கட்டி ஸ்டாரிலேயே விட்டிருப்பார்கள். டெல்டாவில் ஓட வேண்டிய மோட்டார் ஸ்டாரில் மூன்றில் ஒரு பங்கு விசைதான் தரும். பழைய காண்டாக்டர் சுவிட்சுகளை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே அப்படியே விடுவதும் தவறு. ஓட்டத்தில் அவை திறந்து மூடினால் டிரைவுக்கு ஒவ்வொரு முறையும் அடி விழும். மோட்டார் முனையில் கட்டிய கெபாசிட்டர் இருந்தால் அதையும் அன்றே கழற்றி எறியுங்கள்.

வீட்டோடு இருக்கும் பட்டறைகளில் இதன் தம்பி உலவுகிறான். சிங்கிள் பேஸ் 230 வோல்ட் வாங்கி மூன்று பேஸ் தரும் சிறிய டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட்தான். நம் ஊர் 1 எச்.பி., 2 எச்.பி. மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டவை. அவற்றை டெல்டாவாக மாற்றினால் 240 வோல்ட் மோட்டாராகிவிடும்; இந்த டிரைவுக்குப் பொருந்தும். மாற்றாமல் விட்டால் மூன்றில் ஒரு பங்கு விசை. மூன்று முனைகள் மட்டுமே வெளியே வந்திருந்தால், ரீவைண்டிங் கடையில் உள் முடிச்சைப் பிரித்து ஆறாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். டிரைவ் வாங்குவதற்கு முன்பே அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணியிருந்தால் அலைச்சல் மிச்சம்.

இணைப்பு சரி என்றால் அடிப்படை அதிர்வெண் பாராமீட்டர். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய டிரைவ் நம்மிடம் வந்தால் அதில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 415 வோல்ட்டை 60 ஹெர்ட்ஸில்தான் எட்டுவேன் என்று அது 50 ஹெர்ட்ஸில் 346 வோல்ட்டே தரும். விசை 70 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், ஆம்பியர் ஏறும். 50 என்று மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. அப்படியே மோட்டார் தட்டிலுள்ள வோல்ட், ஆம்பியர், ஆர்.பி.எம். எல்லாவற்றையும் பதிந்து, டிரைவே மோட்டாரை அளந்து தன்னைச் சரிசெய்யும் ஆட்டோட்யூனும் செய்துவிடுங்கள்.

ஆம்பியர் சரி, மோட்டார் மட்டும் கொதிக்கிறது

வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். 12 ஹெர்ட்ஸ், 15 ஹெர்ட்ஸ் என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. சாதாரண மோட்டாரின் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சுமையோ முழுச் சுமை. 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடர்ந்து முழு விசையில் ஓட வேண்டியிருந்தால் தனி மோட்டாரில் ஓடும் கூலிங் விசிறியோடு மோட்டாரை வாங்க வேண்டும். அல்லது கியர் விகிதத்தை மாற்றி, மோட்டாரை 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட விடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த வழி. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றுவது மோட்டார் மாற்றுவதைவிட மலிவு.

டிரைவே கொதிக்கிறது: ஓ.எச்.

நூற்பாலையில் ஓ.எச். (ஓவர் ஹீட்) என்றால் நான் கருவி எதுவும் எடுக்காமல் பிரஷ்ஷை எடுப்பேன். ஒருமுறை பின்பக்கம் கழற்றியபோது, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே மெத்தைக்கு அடைத்ததுபோல் பஞ்சு. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது; காற்று ஒரு விரல் தூரம்கூடப் போகவில்லை. காற்று பிடித்து அடிப்பதைவிட, உறிஞ்சும் இயந்திரத்தால் எடுப்பது நல்லது. அடித்தால் பஞ்சு போர்டுக்குள் போய்ச் சேரும்.

சுத்தமாக இருந்தும் ஓ.எச். என்றால், டிரைவை வைத்திருக்கும் பேனல் பெட்டியைப் பாருங்கள். டிரைவ் தன் வழியாகப் போகும் மின்திறனில் 2 முதல் 3 சதவீதத்தை வெப்பமாக்கும். 37 கிலோவாட் டிரைவ் என்றால் ஏறக்குறைய 1 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை இரும்புப் பீரோவுக்குள் பூட்டி வைத்த மாதிரி. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 42 டிகிரி இருந்தால் பேனலுக்குள் 55 எளிதாகத் தொடும். பல டிரைவ்களின் ஆம்பியர் 40 டிகிரிக்கு எழுதப்பட்டது. அதற்கு மேல் போகப் போகக் குறைத்துக் கணக்கிட வேண்டும். கெபாசிட்டரின் ஆயுளும் 10 டிகிரி ஏறினால் பாதியாகும். பேனல் விசிறியின் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். இரண்டையும் மேலேயே வைத்து, நுழைந்த காற்று டிரைவைப் பார்க்காமலே வெளியேறும் பேனல்கள் ஏராளம்.

நீலகிரித் தேயிலை ஆலைகளில் கதை வேறு. குளிர்ந்த ஊர்தானே, டிரைவ் சுகமாக இருக்கும் என்று நினைப்போம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. காற்று அங்கே மெல்லியது. வெப்பத்தை அவ்வளவாக ஏந்திச் செல்லாது. 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கழிக்க வேண்டும் என்பது பெரும்பாலான கையேடுகளின் கணக்கு. ஊட்டியில் 12 சதவீதம் போய்விடும். 45 ஆம்பியர் டிரைவ் அங்கே 39 ஆம்பியர் டிரைவ்தான்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார்: வருடத்துக்கு ஒரு முறை எரிகிறது

இதை நான் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். கோவை மாவட்டத்தில் 1,000 அடி ஆழத்தில் மோட்டாரை இறக்கிவிட்டு மேலே டிரைவ் வைத்த ஆலைகள் உண்டு. அறிகுறி எப்போதும் ஒன்றுதான்: டிரைவ் சில மாதம் நன்றாக ஓடும், ஒரு நாள் எர்த் ஃபால்ட், அதாவது எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது என்று காட்டும். மோட்டாரை மேலே தூக்கி ரீவைண்ட் செய்து இறக்குவார்கள். அடுத்த வருடம் மறுபடியும்.

காரணம் கேபிளின் நீளம். டிரைவ் அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் செங்குத்தாக ஏறும். 300 மீட்டர் கேபிளின் மறுமுனையில் மோட்டாரில் மோதித் திரும்பும்போது, கிணற்றுச் சுவரில் மோதிய குரல்போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மோட்டார் முனையில் டி.சி. பஸ்ஸின் இரு மடங்கு வரை, அதாவது 1,100 வோல்ட்டுக்கு மேல் உச்சம் வரும். சுருளின் முதல் சில சுற்றுகளே அந்த அடியை வாங்கும். டிரைவுக்கென்றே செய்த மோட்டார்களுக்கு அமெரிக்காவின் நெமா எம்.ஜி. 1 தரநிலையின் 31-ஆம் பகுதி, மோட்டார் தட்டின் வோல்ட்டைப்போல் 3.1 மடங்கு உச்சத்தைத் தாங்கும் காப்பு கேட்கிறது. சாதாரணச் சுருளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எனவே வெளிப்பக்கத்தில் ஃபில்டர் வேண்டும். நடுத்தர நீளத்துக்கு, வோல்டேஜ் ஏறும் வேகத்தைத் தணிக்கும் டிவி-டிடி (dv/dt) ஃபில்டர் போதும். இவ்வளவு ஆழத்துக்கு, நறுக்கிய அலையைச் சீரான அலையாக்கும் சைன் ஃபில்டருக்குக் கீழே நான் பேசுவதில்லை. அதை வைத்தால் டிரைவ் நொடிக்கு எத்தனை முறை நறுக்குகிறது என்ற சுவிட்சிங் அதிர்வெண்ணை ஃபில்டர் கேட்கும் அளவில் பூட்டி வைக்க வேண்டும். ஃபில்டரிலும் கேபிளிலும் சில சதவீத வோல்டேஜ் விழும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஃபில்டரின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம், மோட்டாரை ஒருமுறை ஏற்றி இறக்க கிரேனுக்கும் ஆட்களுக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

தேர்வில் இன்னும் இரண்டு. நீர்மூழ்கி மோட்டார் அதே எச்.பி. தரைமோட்டாரைவிடக் கூடுதல் ஆம்பியர் எடுக்கும். இங்கும் தட்டைப் பார்த்துத்தான் டிரைவ் எடுக்க வேண்டும். அந்த மோட்டாரில் மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தின் மேல் நிற்பது. மெதுவாகச் சுற்றினால் படலம் உருவாகாது. எனவே புறப்பட்டு ஓரிரு நொடியில் 30 ஹெர்ட்ஸைத் தாண்டிவிட வேண்டும், அதற்குக் கீழே ஓடவே விடக் கூடாது.

"மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை" என்று இதே கிணற்றிலிருந்து ஒரு புகார் வந்தால் அதிர்வெண்ணைப் பாருங்கள். பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும். 40 ஹெர்ட்ஸில் 64 சதவீத உயரம்தான். தண்ணீர் பாதிக் குழாயில் நின்றுகொண்டு உள்ளேயே சூடாகும். மின்சாரம் மிச்சம் என்று மேலிருந்து வேகத்தைக் குறைத்தவருக்கு அது தெரியாது.

பேரிங் ஊளையிடுகிறது

டிரைவ் வைத்து ஒரு வருடத்தில் பெரிய மோட்டாரின் பேரிங் கத்தத் தொடங்கினால், கழற்றி அறுத்துப் பாருங்கள். உள் ஓடுபாதையில் அம்மி கொத்தியதுபோல் வரிவரியாக இருந்தால் கிரீஸையோ ஃபிட்டரையோ திட்ட வேண்டாம். தண்டில் ஏறிய வோல்டேஜ் பேரிங் வழியாகப் பொறியாகப் பாய்ந்த தடம் அது. சுமைக்கு எதிர்ப்பக்கத்தில் காப்பிட்ட பேரிங், தண்டை எர்த் செய்யும் பிரஷ் வளையம், மோட்டார் உடலிலிருந்து டிரைவுக்கே நேராக ஓடும் அகலமான எர்த் இணைப்பு, கவசமிட்ட கேபிள் ஆகியவை மருந்து. 315 ஃபிரேமும் (மோட்டார் உடலின் அளவு எண்) அதற்கு மேலும் உள்ள மோட்டாரை டிரைவோடு வாங்கும்போது காப்பிட்ட பேரிங் உண்டா என்று ஆர்டரிலேயே எழுதிக் கேளுங்கள்.

டிரைவ் ஓடினால் பக்கத்தில் மற்றவை படுகின்றன

டிரைவை ஓட்டினால், எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டும் இ.எல்.சி.பி. விழுகிறதா? டிரைவின் ஃபில்டர் கெபாசிட்டர்களும் மோட்டார் கேபிளும் எர்த்துக்கு எப்போதும் கொஞ்சம் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. அதைத் தாங்காது. அதற்காக இ.எல்.சி.பி.யைத் தூக்கி எறிவதோ எர்த்தைக் கழற்றிவிடுவதோ கொலைக்குச் சமம். டிரைவுக்கென்ற பி வகையைப் போடுங்கள். சுவிட்சிங் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கெபாசிட்டர் பேனலில் கெபாசிட்டர்கள் உப்பி வெடிக்கின்றனவா? டிரைவின் டையோடுகள் 250, 350 ஹெர்ட்ஸ் அழுக்கை மெயினில் கலக்கின்றன. கெபாசிட்டர் அதை விரும்பிக் குடிக்கும். டிரைவுக்கு அந்த அழுக்கைத் தணிக்கும் லைன் சோக்கோ டி.சி. சோக்கோ வைத்து, கெபாசிட்டருக்கு 7 சதவீத ரியாக்டர் சேர்த்தால் தணியும். சோக் உள்ளே இருக்கிறதா என்பது விலைப்பட்டியலில் மலிவான டிரைவுக்கும் விலை கூடியதற்கும் உள்ள வித்தியாசங்களில் ஒன்று. பத்து, இருபது டிரைவ் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் ஆலை அந்த மலிவை நம்பக் கூடாது.

சிக்னல் தள்ளாடினால், பவர் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கும். பிரித்துப் போடுங்கள்.

யூ.வி.

அண்டர் வோல்டேஜ் பெரும்பாலும் வெளியே: லூஸான முனை, ஒரு பேஸ் ஃப்யூஸ், தேய்ந்த காண்டாக்டர். சுமையோடு இருக்கும்போது மூன்று பேஸையும் டிரைவின் முனையிலேயே அளந்தால் தெரிந்துவிடும். மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்து எழும் இடங்களில் விசிறி போன்ற கனமான சுமைகளுக்கு, சுமையின் ஓட்டத்திலிருந்தே டி.சி. பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கும் வசதியை இயக்கலாம்.

திரையே எரியவில்லை, அல்லது ஃப்யூஸ் போகிறது

டி.சி. பஸ் வடிந்த பிறகு, கேபிள்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையை டி.சி. மைனஸில் வைத்து, கறுப்பால் மெயின் உள்ளே வரும் ஆர், எஸ், டி முனைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். 0.3 முதல் 0.6 வரை ஒரே மாதிரி எண் வர வேண்டும். பிறகு கறுப்பை டி.சி. பிளஸில் வைத்துச் சிவப்பால் அதே மூன்றும். அடுத்து யூ, வி, டபிள்யூ முனைகளுக்கும் இரண்டு சுற்று. எங்காவது பூச்சியம் காட்டினால் அந்தக் கால் ஷார்ட். உள்வரும் பக்கம் போயிருந்தால் மெயினிலிருந்து வந்த அடி. வெளிப்பக்கம் போயிருந்தால் மோட்டாரையும் கேபிளையும் மெக்கர் வைக்காமல் புதிய டிரைவை மாட்டவே கூடாது. அதையும் தின்றுவிடும்.

ஸ்டோரில் மூன்று வருடமாகத் தூங்கும் ஸ்பேர் டிரைவை எடுத்து நேராக 415 வோல்ட் கொடுக்காதீர்கள். வருடக்கணக்கில் மின்சாரம் காணாத கெபாசிட்டரின் உள்படலம் கரைந்திருக்கும். முழு வோல்டேஜ் திடீரென வந்தால் வெடிக்கும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, கையேடு சொல்லும் நேரப்படி ஏற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்பேரை எடுத்து ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்துவைத்தால் இந்த வேலையே இல்லை.

பழைய டிரைவ் திரும்பாது என்று முடிவாகிவிட்டால், புதியதற்கு அதே எச்.பி. என்று மட்டும் சொல்லி அழைக்காதீர்கள். மோட்டார் தட்டின் படம், சுமையோடு வெளிப்பக்கத்தில் அளந்த ஆம்பியர், மிகக் குறைந்த வேகம், எத்தனை நொடியில் நிற்க வேண்டும், கேபிள் எத்தனை மீட்டர், பேனலுக்குள் எத்தனை டிகிரி என்பவற்றை அனுப்புங்கள். அளந்த ஆம்பியர் மோட்டார் தட்டில் உள்ளதைவிட மிகக் குறைவாக இருந்தாலும், டிரைவை மோட்டார் தட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். பெரிய மோட்டாரின் சுருளில், ஆம்பியர் திடீரென ஏறுவதைத் தடுக்கும் இண்டக்டன்ஸ் குறைவு. நறுக்கிய அலையின் உச்ச ஆம்பியர் சிறிய டிரைவின் எல்லையைத் தொட்டுவிடும். திரையில் மறுபடியும் ஓ.சி.தான் வரும்.